வெந்நீரில் இளகி, பாறையைப் பிடித்து

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர் யாரைச் சந்தித்தாலும், பேச்சு மீனில் தொடங்கி விளக்கு, பம்பு, உப்பு என்று சுற்றி வருவதற்குள் நான் குறுக்கிட்டு ஒன்றைக் கேட்டுவிடுவேன்: பாறைகளை எதை வைத்து இணைத்திருக்கிறீர்கள்? எபாக்ஸி என்பார்கள். சூப்பர் குளூ என்பார்கள். சும்மா அடுக்கித்தான் வைத்திருக்கிறேன் என்பவர்களும் உண்டு. அவர்களை நான் லேசில் விடுவதில்லை. பாலிமார்ஃப் பற்றி நான் சொல்லி முடிக்கும்வரை அவர்கள் கேட்டே ஆகவேண்டும்.

பொருள் இதுதான். மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவில் வெள்ளை மணிகள். மணமில்லை, பிசுக்கில்லை. அறுபது டிகிரி செல்சியசைத் தாண்டிய வெந்நீரில் கொட்டினால் சில நிமிடங்களில் வெண்மை கரைந்து, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, இளநீர் வழுக்கை போலத் தெளிந்த ஒரு கட்டியாகத் திரளும். கரண்டியால் எடுத்து, கையால் பிசைந்து, வேண்டிய உருவத்துக்குக் கொண்டுவரலாம். ஆற ஆற மறுபடி வெளுக்கும், இறுகும். இறுகிய பிறகு நைலானைப் போல உறுதி. வளைத்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்குமே தவிர, நொறுங்காது. பிடிக்கவில்லையா? மறுபடி வெந்நீரில் போடுங்கள். மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம்.

இங்கிலாந்தில் இதை பாலிமார்ஃப் என்று விற்கிறார்கள். அமெரிக்காவில் இன்ஸ்டாமார்ஃப், ஆஸ்திரேலியாவில் பிளாஸ்டிமேக். எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது ஒரே சரக்கு: பாலிகாப்ரோலாக்டோன் என்ற பாலியெஸ்டர். நைலானைக் கண்டுபிடித்த வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1930களின் தொடக்கத்தில் இதையும் உருவாக்கினார்கள். புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை எடுப்பவர்களுடைய முகத்தின் மேல் வலைபோன்ற ஒரு முகமூடியை அச்செடுத்துப் பொருத்துவார்களே, தலை அசையாமல் இருக்க, அதுவும் பெரும்பாலும் இந்தப் பிளாஸ்டிக்தான். தகட்டை வெந்நீர்த் தொட்டியில் இளக்கி, உயிருள்ள முகத்தின் மேல் நேரடியாகப் படிய வைக்கிறார்கள். மனிதத் தோலின் மேல் வைக்க நம்பும் பொருளை என் மீன்களின் வீட்டில் வைக்க எனக்குத் தயக்கமே வரவில்லை.

நான் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவதற்குக் காரணம் இருக்கிறது. பாறைதான் கடல்நீர்த் தொட்டியின் உயிர். 1961ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக்குமிழிகளையும் மட்டும் வைத்துக் கடல் உயிரினங்களை வளர்த்த முறையை எழுதினார். வடிகட்டி என்று தனியாக எதுவும் இல்லை. வடிகட்டி வேலையைப் பாறையே செய்தது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைப் பாறையின் மேற்பரப்பிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்ஸிஜன் எட்டாத உள்துளைகளில் வேறு வகை பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடுகின்றன. பின்னாளில் வந்த பெர்லின் முறையும் இந்த அடிப்படையின் மேல்தான் நிற்கிறது: நிறையப் பாறை, கழிவை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் ஒரு நல்ல புரோட்டீன் ஸ்கிம்மர்.

ஆனால் பாக்டீரியா வேலை செய்ய, பாறையைச் சுற்றித் தண்ணீர் ஓடவேண்டும். அந்தக் காலத்து வழக்கப்படி பின்பக்கக் கண்ணாடியை ஒட்டிச் சுவர் எழுப்புவது போலப் பாறைகளைக் குவித்துவிட்டால், உள்ளே நீரோட்டம் நின்றுபோகும். கழிவு படியும். தொட்டிக்காரர் மாதத்துக்கு ஒருமுறை பம்பை விட்டு ஊதினாலும் அந்தச் சேறு முழுதாகப் போகாது. இன்றைக்கு நல்ல தொட்டிகளில் பார்த்தால் பாறை குறைவு, இடைவெளி அதிகம். வளைவுகள், குகைகள், அந்தரத்தில் நீளும் மேடைகள். நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரிலிருந்து வரும் நீர் எல்லா இடுக்கிலும் புகுந்து வெளியேறும். மீன்கள் அந்த வளைவுக்குள் நுழைந்து மறுபக்கம் வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அப்படி அந்தரத்தில் நிறுத்த, பாறைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டாக வேண்டும். அங்கேதான் நம் வெள்ளை மணிகள் வருகின்றன.

சென்னையில் இருக்கும் எனக்கு இது இன்னும் முக்கியம். கடலிலிருந்து பவளப்பாறையை எடுத்து வருவதென்பது நம் ஊரில் பேச்சுக்கே இடமில்லாத விஷயம். பாறையாக வளரும் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே இருந்த இருபத்தோரு தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்ததன் விலை அது. அதனால் என் நான்கடித் தொட்டியில் பவளமும் இல்லை, கடலிலிருந்து எடுத்த பாறையும் இல்லை. களிமண்ணைச் சுட்டுச் செய்த, துளைகள் நிறைந்த செயற்கைப் பாறைதான். மீன்கள், இறால்கள், பாசி, பாறை. பவளம் வளர்ந்து மூடிக்கொள்ளட்டும் என்று இணைப்பை அலங்கோலமாக விட்டுவிட முடியாது. பாறையின் வடிவமே அங்கே காட்சி. ஒவ்வொரு இணைப்பும் கண்ணுக்குத் தெரியும்.

மற்றப் பசைகளையும் நான் கையாண்டிருக்கிறேன். அவற்றைக் குறை சொல்லி இதை உயர்த்த வேண்டிய அவசியமில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. சயனோஅக்ரிலேட் ஜெல், அதாவது சூப்பர் குளூவின் கெட்டியான வகை, ஈரத்தில் சட்டென்று இறுகும். சிறு துண்டுகளைப் பிடிக்க அருமையானது. ஆனால் இடைவெளியை நிரப்பாது, கனமான பாறைக்கு ஒத்துவராது. இரண்டு பகுதிகளைச் சேர்த்துப் பிசையும் எபாக்ஸி நன்றாக நிரப்பும். ஆனால் இறுகும்வரை பாறையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நீருக்குள் பயன்படுத்தினால் ஸ்கிம்மர் பொங்கி வழிந்து கோப்பை நிறையும். சிமெண்டு வைத்தால் காரத்தன்மை இறங்கும்வரை பாறையை வாரக்கணக்கில் ஊறப்போட்டு நீர் மாற்ற வேண்டும். இவை மூன்றுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது: இறுகிவிட்டால் இறுகியதுதான். மறுநாள் காலையில் காப்பிக் கோப்பையோடு வந்து நின்று பார்க்கும்போது, அந்த இடது பக்கக் கல் இன்னும் இரண்டு விரல்கடை முன்னால் வந்திருக்கலாமே என்று தோன்றினால், உளியும் சுத்தியலும்தான் வழி.

பாலிமார்ஃப் அந்த மறுநாள் காலையை நமக்குத் திருப்பிக் கொடுக்கிறது. என்னைக் கேட்டால் அதன் முதல் பெருமை இதுதான், வலிமை இரண்டாவதுதான். பாறை அடுக்குவது ஒரே மூச்சில் முடிகிற வேலையில்லை. பார்த்து, விலகி நின்று, உட்கார்ந்து பார்த்து, விளக்கைப் போட்டுப் பார்த்து, மாற்றி மாற்றித்தான் ஒரு வடிவம் பிறக்கும். ஹேர் டிரையரையோ ஹாட் ஏர் கன்னையோ அந்த இணைப்பில் காட்டினால் வெள்ளை மறைந்து மெல்லத் தெளியும். கல்லைத் திருப்பு, சாய், பிடி, ஆறவிடு. முடிந்தது.

இது எப்படிப் பிடிக்கிறது என்பது தெரிந்தால் பாதி வேலை கைவந்துவிடும். இது பசை இல்லை. கல்லோடு வேதியியல் உறவு எதுவும் கொள்வதில்லை. வழவழப்பான கூழாங்கல்லில் வைத்தால் ஆறியதும் கழன்று வந்துவிடும். ஆனால் துளைகளும் பள்ளங்களும் நிறைந்த பாறையில், இளகிய நிலையில் அழுத்தும்போது உள்ளே புகுந்து, வளைந்து, அங்கேயே இறுகிவிடுகிறது. அப்புறம் அதை இழுத்தால் கல் உடையுமே தவிர, பிளாஸ்டிக் வெளியே வராது. ஆகவே துளைகளுக்குள் எவ்வளவு ஆழமாகப் புகுகிறதோ அவ்வளவு பிடிப்பு.

ஆழமாகப் புக ஒரே ரகசியம் கல்லின் சூடு. சில்லென்ற கல்லில் சூடான கட்டியை வைத்தால், தொட்ட இடம் உடனே இறுகித் தோல்கட்டிவிடும். துளைக்குள் போகாது. கல்லை முதலில் காயவைத்து, இணைக்க வேண்டிய இடத்தை ஹாட் ஏர் கன்னால் நன்றாகச் சூடுபடுத்திக்கொண்டு, அதன் மேல் பிளாஸ்டிக்கை வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அது மெல்ல உள்வாங்கப்படுவது விரலுக்குத் தெரியும். ஒரு கல்லில் இப்படி வேர்பிடிக்க வைத்துவிட்டு, மறு கல்லிலும் அதே போல் செய்து, பிறகு இரண்டின் மேலிருக்கும் பிளாஸ்டிக்கையும் சூடுபடுத்தி ஒன்றாக அமுக்கினால் போதும். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் சூட்டில் கலந்து ஒரே பொருளாகிவிடும். கல்லுக்குக் கல் ஒட்டுவதைவிட இந்த வழி எனக்கு எப்போதும் உறுதியாக வந்திருக்கிறது.

வெந்நீர் எழுபது டிகிரி இருந்தால் போதும், கொதிக்க வேண்டியதில்லை. எவர்சில்வர் பாத்திரமோ கண்ணாடிப் பாத்திரமோ எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாத்திரத்தில் போட்டால் அடியில் ஒட்டிக்கொண்டு வராது. கட்டியை எடுத்ததும் மடித்து மடித்துப் பிழிந்து உள்ளே சிக்கியிருக்கும் வெந்நீரை வெளியேற்றுங்கள். கையைச் சுடுவது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். பிளாஸ்டிக் வெப்பத்தை மெதுவாகத்தான் விடும், அதனால் பிசையலாம். ஆனாலும் ரப்பர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. அந்த மந்தமான வெப்பக் கடத்தலே நமக்கு இன்னொரு உதவியும் செய்கிறது: வெளிப்பக்கம் இறுகத் தொடங்கிய பிறகும் உள்ளே இளகியே இருக்கும், கல்லை நிதானமாகச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். போதும் என்று தோன்றியதும் ஒரு குவளை குளிர்ந்த நீரை ஊற்றினால் இறுகிவிடும். முழுக்க வெளுத்துவிட்டதா என்று பாருங்கள். நடுவில் தெளிவாகத் தெரிந்தால் இன்னும் ஆறவில்லை என்று பொருள். நிலையை நிறத்தாலேயே சொல்லிவிடும் இப்படியொரு பொருள் வேறு எது இருக்கிறது?

கொளத்தூரில் நான் வழக்கமாகப் போகும் கடைக்கார அண்ணனுக்கு முதலில் இதில் நம்பிக்கையே இல்லை.

"தம்பி, சுடுதண்ணியில இளகுற சாமானை மீன் தொட்டியில போடுறீங்களே, வெயில் காலத்துல என்னாகும்?"

"அண்ணே, தண்ணி முப்பத்திரண்டு டிகிரிக்குப் போனாலே மீனுக்கு ஆபத்து. இது இளக அறுபது வேணும். இது இளகுற சூட்டுல மீன் இருக்கவே இருக்காது."

அவர் ஒரு துண்டை வாங்கி, கல்லாப்பெட்டி விளிம்பில் வைத்து முழு பலத்தோடு வளைத்துப் பார்த்தார். விட்டதும் நிமிர்ந்துகொண்டது. மறுபடி வளைத்தார். "இது சாதா பிளாஸ்டிக் இல்ல போலிருக்கே" என்றார். இப்போது அவர் கடையில் மீன்குஞ்சுத் தொட்டிகளுக்குக் கொக்கிகள், குழாய் பிடிப்பான்கள் எல்லாம் அவரே செய்துகொள்கிறார்.

அவருடைய கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். தொட்டிக்குள் கவலையில்லை. ஆனால் இணைத்து முடித்த பாறையை மே மாத வெயிலில், மூடிய காரின் டிக்கியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே வெப்பம் அறுபதைத் தொட்டுவிடக்கூடும். விடியற்காலையில் கொண்டு போங்கள், ஈரத்துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

இணைப்பை மறைக்கும் கலைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், இதற்காகவே இன்னொரு தொட்டி கட்டலாம். பிளாஸ்டிக் ஆறுவதற்கு முன் அதன் மேல் அதே பாறையின் பொடியைத் தூவி, விரலால் அழுத்த வேண்டும். பாறையை உடைத்தபோது விழுந்த சில்லுகளை உரலில் இடித்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். பொடியோடு சில சிறு சில்லுகளையும் பதித்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டித்தட்டிக் குழிகள் போட்டால் போதும், அரை அடி தூரத்தில் நின்று பார்த்தாலும் இணைப்பு எங்கே என்று சொல்ல முடியாது. நிறமூட்டிய மணிகள் கிடைக்கின்றன. ஆனால் நான் வெள்ளையையே வைத்துக்கொள்கிறேன். நிறமிகளில் என்ன உலோகம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. தாமிரம் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். கொஞ்சம் பொறுத்திருந்தால் நிறம் தானே வரும். ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் படரும் கோரலைன் பாசி, தண்ணீரில் கால்சியமும் காரத்தன்மையும் சரியாக இருந்தால் கண்ணாடி, பம்பு, பிளாஸ்டிக் என்று பேதம் பார்க்காமல் ஏறிவிடும். என் நடுவளைவின் அடி இணைப்பில் அது படரத் தொடங்கிய அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இன்னொரு மகிழ்ச்சி இதன் எடையில். இதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.14 கிராம், கடல்நீருடையது 1.025. ஆகவே தப்பித்தவறிச் சிறு துணுக்குகள் விழுந்தாலும் மிதந்து பம்புக்குள் போகாமல் அடியில் தங்கும், எடுத்துவிடலாம்.

பாரம் தாங்கும் விஷயத்தில் மட்டும் இதன் இயல்பைப் புரிந்து நடக்க வேண்டும். இது மென்மையான பிளாஸ்டிக். ஓயாத பாரம் ஒரே திசையில் அழுத்தினால் நாளடைவில் மெல்ல நீண்டு கொடுக்கும். அதனால் கனத்தைக் கல்லுக்குக் கல் இறக்கிவிட வேண்டும். கீழ்க்கல்லின் மேல் மேல்கல் தன் எடையை ஊன்றி நிற்கட்டும், நழுவாமலும் புரளாமலும் பார்த்துக்கொள்வது பிளாஸ்டிக்கின் பொறுப்பு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மேடை வேண்டுமென்றால், இரண்டு கல்லிலும் துளையிட்டு ஃபைபர் கிளாஸ் கம்பியைச் செருகி, துளையில் மிஞ்சிய இடத்தை இளகிய பாலிமார்ஃபால் நிரப்பிவிடுங்கள். பாரத்தைக் கம்பி சுமக்கும், ஆட்டத்தைப் பிளாஸ்டிக் அடக்கும். இந்தக் கூட்டணியை மிஞ்சிய ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை. முதல் வரிசைக் கற்கள் மணலில் நிற்கக் கூடாது, தொட்டியின் அடிக்கண்ணாடியில் நேராக ஊன்றி நிற்க வேண்டும். பிஸ்டல் இறாலும் அதோடு குடித்தனம் நடத்தும் கோபி மீனும் ராத்திரி பகலாக மணலைத் தோண்டும் ஜோடி. கல்லுக்கு அடியில் சுரங்கம் போட்டால் மொத்தக் கட்டடமும் சரியும். கல் கண்ணாடியில் விழுகிற இடத்தில் பாலிமார்ஃபைத் தட்டையான பாதங்களாகச் செய்து பொருத்திவிடுகிறேன். ஆட்டமில்லை, கண்ணாடியில் கீறலுமில்லை. கடல் முள்ளெலி வைத்திருக்கும் நண்பர்கள் இந்தப் பாதத்துக்காகவே இதை வாங்குகிறார்கள். தளர்ந்த கல்லை முட்டித் தள்ளுவதில் அதற்கு இணை கிடையாது.

இந்தப் பிளாஸ்டிக் என்றென்றைக்கும் அப்படியே இருக்குமா என்று கேட்பவர்களுக்கு: இது மக்கும் பொருள். மனித உடலுக்குள் வைத்தால் முழுதாகக் கரைய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நீரில் நைட்ரேட்டைக் குறைக்க பாக்டீரியாக்களுக்கு உணவாக இதையே கொடுக்கும் முறையும் இருக்கிறது. தொட்டியில் பாக்டீரியா மேற்பரப்பிலிருந்து மெல்ல அரித்துக்கொண்டு வரும். அதனால்தான் மெல்லிய ஓரங்களும் நூல்களும் விடாமல், கல்லின் பிளவுக்குள் தடிமனாக அடைத்து, தண்ணீர் தொடும் பரப்பைக் குறைக்கச் சொல்கிறேன். கல்லுக்கு நடுவில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் கட்டியை பாக்டீரியா எளிதில் நெருங்காது. மேலே கோரலைன் பாசி சுண்ணாம்பாகப் படிந்துவிட்டால் இன்னும் நல்லது. நீருக்கு நஞ்சு எதுவும் இறங்காமல், வேலை முடிந்ததும் மக்கிப் போகிற ஒரு பிளாஸ்டிக், கடலை நேசிக்கிறவனுக்கு இதைவிட ஏற்ற பொருள் வேறு என்ன?

ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் உரக்கச் சொல்ல விரும்புகிறேன். வேறொருவருடைய தொட்டியிலிருந்து உயிருள்ள பாறை கைக்கு வந்தால், அதைச் சூடு காட்டவோ வெந்நீரில் முக்கவோ செய்யாதீர்கள். பாறையில் ஒட்டியிருக்கும் சில ஜோவாந்திட் வகை உயிரிகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. பாறையைக் கொதிக்க வைத்ததால் அந்த ஆவியைச் சுவாசித்து, குடும்பமே மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. இந்த வேலையெல்லாம் காய்ந்த, புதிய பாறையில், தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது.

விலை எபாக்ஸியைவிடக் கூடுதல்தான். ஆனால் நான்கடித் தொட்டிக்கு அரை கிலோ தாராளமாகப் போதும், அதில் ஒரு கிராம்கூட வீணாகாது. பிசைந்து மிஞ்சியது, கத்தியால் சீவியது, பிடிக்காமல் கழற்றியது எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். மண்டபத்திலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். அப்படிப் பண்ணையில் பிறந்த ஒரு ஜோடிக்காக இப்போது இரண்டடித் தொட்டி ஒன்று தயாராகிறது. முட்டையிட அவற்றுக்குச் சற்றே சாய்ந்த, வழவழப்பான ஒரு பரப்பு வேண்டும். டப்பாவிலிருக்கும் மிச்சத்தையெல்லாம் இளக்கி, ஓர் ஓட்டுத்துண்டைச் சரியான சாய்வில் பாறையோடு பிடிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். கூரான விளிம்பு மீனைக் கீறாமல் இருக்க, ஓட்டின் ஓரத்தைச் சுற்றி பாலிமார்ஃப் மடிப்பு. சாய்வு சரியில்லை என்று மீன்கள் நினைத்தால், சூடுகாட்டி மாற்றிக் கொடுத்துவிடலாம்.